மறு: மனச்சோர்வுன்னு போட்டா டிப்ரஷன் ஆயிடுதுங்க

> மனச்சோர்வுன்னே வெச்சுருங்க தம்பி, எல்லாருக்கும் புரியும்ல.

அண்ணா, புரியறதுதானுங்க பிரச்சனையே. மனச்சோர்வுன்னதும் எல்லாரும் டிப்ரஷன்னுதான் எடுத்துக்கறாங்க, பேப்பர்லயும் அதுக்குத்தான் போடறாங்க. நம்ம சொல் பட்டியலுக்கு நாம தமிழ்ல தேடற வார்த்தை வேற, பகலெல்லாம் மூளைய கசக்கிட்டு சாயங்காலம் கிரவுண்டுல இறங்கறவனுக்கு வர்ற மெண்டல் ஃபடீக்.

பாலக்காட்டுல எங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் அறுப்பு முடிஞ்ச வயல்ல செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேரு ஆடற ஃபுட்பால், ஆடுவோம். எங்க கோலி, கோல்கீப்பர்தான், ஒருத்தன் வருஷக் கணக்கு முடிக்கற அன்னிக்கு காலைலேர்ந்து லெட்ஜரோட மல்லுக்கட்டிட்டு நேரா மேட்ச்சுக்கு வந்தான், ஒடம்புல ஒரு சொட்டு வேர்வை இல்ல, ஆனா ஃபார்வேர்டு தனியா வந்தப்ப முன்னாடி பாயறதா போஸ்ட்டுலயே நிக்கறதான்னு தெரியாம பாதி தூரத்துல நின்னுட்டான், பந்து தலைக்கு மேல போயிடுச்சு. பக்கத்துல நின்ன சேட்டன் "க்ஷீணம்"னு ஒத்த வார்த்தைல முடிச்சுட்டாரு. மலையாளத்துல எல்லா களைப்புக்கும் அதுவே ஓடும், நமக்கு பத்தாது.

2009ல மார்க்கோராங்கற ஆராய்ச்சியாளரோட குழு இந்த மெண்டல் ஃபடீக்க வெச்சு பண்ணின சோதனைய பாருங்க. 16 பேரு, ஒரு நாள் 90 நிமிஷம் கம்ப்யூட்டர்ல கண்ணு எடுக்காம செய்யற வேலை, இன்னொரு நாள் அதே நேரம் சும்மா டாகுமெண்டரி, ரெண்டுக்கும் அப்புறம் முடியாம போற வரைக்கும் சைக்கிள் மிதிக்கணும். டாகுமெண்டரி பார்த்த நாள் சராசரி 754 செகண்டு தாங்கினாங்க, கம்ப்யூட்டர் வேலை செஞ்ச நாள் 640. இதயத்துலயோ தசைலயோ சொல்லும்படியா வித்தியாசம் இல்ல, மிதிக்கறதுதான் ரொம்ப பாரமா தெரிஞ்சிருக்கு. நல்லா செய்யணும்ங்கற ஆசையும் குறையலையாம்! அப்ப இதுக்கு அக்கா முன்னாடி சொன்ன "ஊக்கக்குறைவு" பொருந்தாம போச்சு, "சலிப்பு"ம் கூடவே போச்சு.

மனக்களைப்பு மோசமில்ல, ஆனா களைப்புன்னா எனக்கு காலு வலிதான் ஞாபகம் வருது. நான் சொல்றது மன அயர்வு. "அயர்ந்து தூங்கறான்"ல களைப்பு இருக்கு, "கொஞ்சம் அயர்ந்தா கோல் போட்டுருவான்"ல கவனம் நழுவறது இருக்கு, அந்த கோலிக்கு நடந்தது ரெண்டும் சேர்ந்ததுதானுங்களே? வாக்கியத்துலயும் உக்காருது, "மனம் அயர்ந்த ஆட்டக்காரர் தப்பா பாஸ் கொடுத்தார்"னு எழுதிரலாம். சேர்த்து எழுதினா மட்டும் மனவயர்வு, அத மன வியர்வைன்னு படிக்க நாலு பேர் இருப்பாங்க, அதனால பிரிச்சே போடலாம்.

> பிரிச்சே போடலாம் சரி. ஆனா தம்பி, மைக் புடிச்சு கமெண்டரி சொல்றவன் வாயில அது வருமா? ஞாயித்துக்கிழமை மேட்ச்சுல ஒருதரம் சொல்ல வெச்சு பாருங்க, அப்புறம் பட்டியல்ல ஏத்தறேன்.