பழைய ஆங்கிலத்தில் நைட் என்றால் யார்? அவர் சட்டைக்கும் வலைக்கும் என்ன உறவு?

சத்துவாச்சாரி கணக்கர்

எல்லாருக்கும் வணக்கம். பகலில் ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன். போன வாரம் ஒரு நைட் (knight, கவசம் போட்ட குதிரை வீரன்) கதை வந்தது. குதிரை, ஈட்டி, இரும்பு வளையம் கோத்த சட்டை, எல்லாம் உண்டு.

முதல் பெஞ்ச் பெண், "கே எதுக்கு சார் சும்மா நிக்குது?" என்றாள். அது சைலன்ட் என்றேன். "சைலன்ட்னா எதுக்கு எழுதணும்?" என்றாள். நியாயமான கேள்விதான். பின்னாலிருந்து ஒருவன், அந்தச் சட்டைக்கு செயின் மெயில் என்று போட்டிருக்கிறதே, ஜிமெயிலுக்கு ஏதாவது சொந்தமா என்றான். வீட்டில் இருக்கிற தடி அகராதியைப் பிரித்தால், அந்த மெயில் வலைக்கண்ணிலிருந்து வந்தது என்று ஒரு வரி. நெட் என்ற சொல்லைத் தேடினால் வலை ஒரு பத்தி, அதற்குக் கீழே தனியாக வேறொரு நெட். தினமும் இன்வாய்ஸில் நெட் வெயிட் எழுதுகிறவன் நான், இது இரண்டாவது நெட்டாம்.

தலையும் வாலும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லுங்களேன்.

காட்பாடி நாலாவது பிளாட்பாரம்

கே இல்லன்னா அவரும் ராத்திரியும் ஒண்ணா ஆயிடுவாங்க சார். அதுக்குத்தான் வச்சிருக்காங்க. 😀

குடியாத்தம் பழைய வாத்தியார்

தம்பி, அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள்.

சைலன்ட் லெட்டர் என்ற பேச்சே எனக்கு ஆகாது. முப்பது வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதாமலே பாடம் நடத்தினேன். அந்தக் கே ஒரு காலத்தில் நன்றாக வாய் திறந்து பேசிய எழுத்து. பழைய ஆங்கிலத்தில் சொல்லே 'க்னிஹ்ட்'. முதலில் 'க்', 'ன்' இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். இப்போது நடுவில் ஜி, எச் என்று எழுதுகிறோமே, அது அண்ணத்தில் உரசி வருகிற காற்று. 'அஃது' என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஆய்தத்துக்குப் பக்கத்தில் வரும். கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது இங்கிலாந்தில் கேயை உச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது நாக்கிலிருந்து விழுந்தது 17ஆம் நூற்றாண்டில். அதற்குள் ஸ்பெல்லிங் அச்சில் ஏறி உறைந்துவிட்டது. கத்தி, முழங்கால், முடிச்சு இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களிலும் முன்னால் நிற்கும் கேக்கு இதே கதைதான்.

இனி பொருளுக்கு வருவோம். க்னிஹ்ட் என்றால் பையன். அவ்வளவுதான். குதிரையும் இல்லை, ஈட்டியும் இல்லை. பையன் என்பதிலிருந்து வேலைக்காரப் பையன் என்று பொருள் நகர்ந்தது. நம் லாங்கு பஜாரில் நாற்பது வயது ஆளையும் முதலாளி "கடைப் பையன்" என்பாரே, அப்படி. ஜெர்மனில் இதன் உடன்பிறப்பு 'க்னெஹ்ட்'. அது கடைசிவரை பண்ணையாளாகவே இருந்துவிட்டது. இங்கிலாந்தில் மட்டும் பையனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 1066இல் பிரான்ஸ் பக்கமிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரபுவின் கீழ் ஆயுதம் தாங்கிக் குதிரையில் சண்டை போடுகிற ஆட்களுக்குப் பிரெஞ்சில் 'ஷெவாலியே' என்று பெயர், குதிரைக்காரன். ஊர் ஜனங்கள் பார்த்தார்கள்: யாராயிருந்தால் என்ன, பிரபுவுக்கு ஊழியம் பண்ணுகிறவன்தானே, க்னிஹ்ட். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அவனுக்கு நிலம் வந்தது, மரியாதை வந்தது, பட்டமும் ஆகிவிட்டது.

கூடப் பிறந்த மாதிரி இன்னொரு சொல் உண்டு, 'க்னாஃபா'. அதுவும் பையன்தான். அது கீழே இறங்கி 'நேவ்' ஆயிற்று, அயோக்கியன் என்று பொருள். சீட்டுக்கட்டில் நாம் ஜாக்கி என்கிற அட்டைக்கும் அந்தப் பெயர் உண்டு. ஒரு பையன் சர் பட்டம் வாங்கினான், இன்னொருவன் போக்கிரி ஆனான். ஏன் என்று கேட்காதீர்கள், சொற்களுக்கு ஜாதகம் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இது. கி.பி. 1000 வாக்கில் எழுதிய பழைய ஆங்கிலச் சுவிசேஷத்தில், இயேசுவின் சீஷர்களுக்கு என்ன சொல் தெரியுமா? 'லெயோர்னிங்க்னிஹ்ட்'. படிக்கிற பையன்! பேதுருவும் அந்திரேயாவும் வலைகளைப் போட்டுவிட்டு அவர் பின்னால் போனார்கள் என்று மத்தேயு நாலாம் அதிகாரத்தில் வருகிறதே, அங்கே வலைக்குச் சொல் 'நெட்'. ஆயிரம் வருஷமாக அந்தச் சொல்லுக்கு அசைவே இல்லை, அன்றும் நெட், இன்றும் நெட். பையன்தான் எங்கேயோ போய்விட்டான்.

இப்போது சட்டை. பேயோவுல்ஃப் என்கிற பழைய காவியத்தில் வீரர்களின் வளையச் சட்டைக்குப் பல பெயர் உண்டு. ஒன்று 'ஹ்ரிங்நெட்', வளைய வலை. ஒன்று 'ப்ரெயோஸ்ட்நெட்', மார்பு வலை. இன்னொன்று 'ஹெரெநெட்', படை வலை. மீனைப் பிடிக்க வலை, அம்பைப் பிடிக்கவும் வலை. நல்ல கற்பனைதான், ஆனால் வெறும் கற்பனை இல்லை. அந்தச் சட்டை நிஜமாகவே வலைதான். சின்னச் சின்ன இரும்பு வளையங்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் நாலு வளையங்களோடு கோத்திருக்கும். கத்தி வெட்டினால் வெட்டு விழாது. ஆனால் கட்டையால் ஓங்கி அடித்தால் உள்ளே எலும்பு முறியும், அதனால் அடியில் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை போடுவார்கள்.

பேயோவுல்ஃப் இருக்கிற அதே கையெழுத்துப் பிரதியில், எதிரிப் படைத்தலைவனைக் கொன்ற யூதித் என்ற பெண்ணின் கதையும் பாட்டாக இருக்கிறது. அதில் அந்தப் படைத்தலைவன் ஓலோபெர்னின் படுக்கையைச் சுற்றித் தங்கத்தில் ஒரு 'ஃப்ளெயோஹ்நெட்', ஈ வலை. பொன்னால் செய்த கொசுவலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கௌண்டன்யா ஆற்றங்கரைக் கொசுவுக்கு அது தாங்குமா என்பது வேறு விஷயம்.

மெயிலுக்கு உங்கள் அகராதி சொன்னது சரி. லத்தீனில் 'மாக்குலா' என்றால் புள்ளி, கறை. வலையின் ஒரு கண்ணுக்கும் அதே சொல். பிரெஞ்சில் அது 'மாய்' ஆகி, இங்கிலீஷில் இரும்புச் சட்டையாக வந்து இறங்கியது. தபால் மெயில் வேறு குலம், அது பழைய பிரெஞ்சில் பை, மூட்டை. காட்பாடியில் நிற்கிற திருவனந்தபுரம் மெயிலுக்கும் ஜிமெயிலுக்கும் அந்தப் பைதான் மூலம். உங்கள் நெட் வெயிட்டும் வலை இல்லை. 'சுத்தமான' என்ற பிரெஞ்சுச் சொல் அது. கழிவு போக மிச்சம்.

ஆரணி ரோடு கண்ணாடிக்காரி

ஐயா, மாக்குலா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் கண் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் ரிப்போர்ட்டில் தினமும் எழுதுகிற வார்த்தை அது. கண்ணின் பின்பக்கம் நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கும், எழுத்துப் படிக்க, முகம் அடையாளம் தெரிய அதுதான் வேண்டும். அது வீங்கினால் நேர்க்கோடு நெளிந்து தெரியும். படிக்கட்டின் விளிம்பே வளைந்து தெரிகிறது என்று பாட்டிமார் வந்து சொல்வார்கள்.

அது உட்கார்ந்திருக்கிற ரெட்டினாவுக்கும் லத்தீனில் வலை என்கிற 'ரேட்டே'தான் மூலம் என்று கல்லூரியில் சொன்னார்கள். தமிழில் நாம் விழித்திரை என்கிறோம், வலையைத் திரையாக்கிவிட்டோம். அப்படியானால் மாக்குலாவும் நைட் போட்ட சட்டையும் பங்காளிகளா?

குடியாத்தம் பழைய வாத்தியார்

பங்காளியேதான் அம்மா. கறையற்றவள் என்று மாதாவுக்குச் சொல்கிற 'இம்மாக்குலேட்' கூட அதே வீட்டுப் பெண்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை

வாத்தியாரய்யா, நம்ம ஊர்லயும் வலை ஓட்டைக்கு கண்ணுன்னுதான் பேரு. "இன்னா கண்ணு வலைபா இது, ரெண்டு விரல் கண்ணா?"ன்னுதான் கேப்பாங்க. கண்ணு சின்னதா போட்டா குஞ்சு கூட மாட்டிக்கும், ஏரி அடுத்த வருஷம் காலி. கண்ணு பெருசா இருந்தா கெண்டை மாட்டும், ஜிலேபி தப்பிச்சிகினு போயிடும். தலை உள்ள பூந்து செவுளு சிக்கிச்சின்னா மீனு பின்னால வர முடியாது. அவ்ளோதான் சூட்சுமம்.

மூணு அடுக்கு வலைன்னு ஒண்ணு கீது. ரெண்டு பக்கமும் பெரிய கண்ணு, நடுவுல தொளதொளன்னு சின்ன கண்ணு. மீனு நடு வலைய தள்ளிகினு அந்தப்பக்கத்து பெரிய கண்ணுக்குள்ள போவும், பை மாதிரி ஆயிடும், அதுக்குள்ளயே கெடக்கும். அதுக்கு இங்கிலீஷ்ல டிராமல்னு மீன்துறை ஆளு ஒருத்தர் சொன்னாரு. அதுலயும் உங்க மாக்குலா கீதா?

குடியாத்தம் பழைய வாத்தியார்

இருக்கிறது தம்பி! லத்தீனில் 'ட்ரெமாக்குலும்', அதாவது மூன்று கண். நீங்கள் சொன்ன மூன்று அடுக்குதான். எனக்கு அந்தச் சொல் மட்டும்தான் தெரியும், அந்தப் பை எப்படி உண்டாகிறது என்பது உங்களால்தான் புரிந்தது.

கோட்டை வெளி

எல்லாரும் சீமைக்கே போகிறீர்கள். நம் வேலூர்க் கோட்டைக் கதையிலேயே ஒரு நைட் இருக்கிறார். 1806 ஜூலை 10, சிப்பாய்கள் எழுந்த அன்று, ஆற்காட்டிலிருந்து 19ஆவது லைட் டிராகூன் குதிரைப்படையோடு ஓடிவந்த பிரிட்டிஷ் அதிகாரி ரோலோ கில்லெஸ்பி. கயிறு பிடித்து மதில் ஏறினார், கதவை உடைக்கப் பீரங்கி வந்ததும் உள்ளே நடந்தது வெறும் கொலை. அதே ஆள் 1814 அக்டோபரில் டேராடூன் பக்கம் நாலாபானியில் கூர்க்காக்களோடு மோதிச் செத்தார். நைட் கமாண்டர் பட்டம் 1815 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு அவர்மேல் பரிதாபமெல்லாம் வராது. அவரை எதிர்த்து நின்ற சிப்பாய்களுக்கு எந்தப் பட்டமும் தபாலில் வரவில்லை.

வாத்தியாருக்கு ஒன்று. நம் சேவகன் என்ற சொல் நைட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது பாருங்கள். பழைய இலக்கியத்தில் சேவகன் வீரன். தமிழ் வேதாகமத்தில் ரோமானியச் சிப்பாய்கள் போர்ச்சேவகர். பிறகு கலெக்டர் ஆபீஸ் வாசலில் டவாலி போட்டு நின்றார்.

சத்துவாச்சாரி கணக்கர்

அப்பப்பா, கேட்டது ஒரு கைப்பிடி, கிடைத்தது ஒரு மூட்டை. எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவுக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி. முடிச்சுக்கான சொல்லிலும் கே இருக்கிறது, ஸ்வெட்டர் பின்னுவதற்கான 'நிட்'டிலும் இருக்கிறது. வலையும் முடிச்சுப் போட்டுத்தான் செய்கிறோம். அப்படியானால் நெட்டுக்கு மட்டும் ஏன் கே இல்லை? அந்தப் பெண் நாளைக்குக் கண்டிப்பாகக் கேட்பாள்.

குடியாத்தம் பழைய வாத்தியார்

முடிச்சும் பின்னலும் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் முடிச்சு 'க்னொட்டா', முடிச்சுப் போடுவது 'க்னிட்டன்'. ஊசியில் ஸ்வெட்டர் பின்னுகிற பொருள் பின்னால் வந்தது. நெட்டுக்குக் கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பார்க்க உறவு மாதிரி இருக்கும், வம்சம் வேறு.

சொல்லிக்கொடுக்கும்போது முதலில் எல்லாப் பிள்ளைகளையும் 'க்னிஹ்ட்' என்று சத்தமாகச் சொல்லவையுங்கள். மாடி வகுப்பு என்கிறீர்கள், கீழ்வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.