குளிர்நாட்டில் காலா லில்லி: உங்கள் அனுபவம் என்ன?

டொரண்டோவிலிருந்து:

என் முதல் காலா லில்லிகளைக் கழுவியே கொன்றேன். மூன்று மஞ்சள், மூன்று கருஞ்சிவப்பு. கோடையில் அள்ளிப் பூத்தவை. அக்டோபரில் ஓர் இரவு உறைபனி விழுந்தது. காலையில் இலைகள் வெந்த கீரைபோலத் துவண்டு கிடந்தன. தென்னாப்பிரிக்கச் செடி, இங்கே மண் உறைந்தால் கிழங்கும் போய்விடும் என்று அன்றே தோண்டி எடுத்தேன். அதுவரை தவறில்லை. மண் ஒட்டியிருக்கக் கூடாதென்று குழாயடியில் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி நிலவறையில் வைத்தேன்.

ஜனவரியில் பையை அவிழ்த்தேன். நாற்றம் குடலைப் புரட்டியது. தோல் மட்டும் முழுசாக இருந்தது. எடுக்கப் போனால் உள்ளே கஞ்சியாகி விரலிடுக்கில் வழிந்தது. பாக்டீரியா அழுகல். தேய்த்ததில் விழுந்த கீறலும் பைக்குள் அடைபட்ட ஈரமும் அதற்குப் போதும். ஆறும் போயின. அன்று உண்மையாகவே அழுதேன்.

மறு ஆண்டு தண்ணீரே காட்டவில்லை. மண்ணை உதறிவிட்டு, செய்தித்தாளில் பரப்பி, தண்டு இருந்த இடம் சுருங்கிக் காயும்வரை ஏழெட்டு நாள் நிழலில் ஆறவிட்டேன். பிறகு அட்டைப்பெட்டியில் உலர்ந்த பீட் பாசிக்குள் (சதுப்புநிலப் பாசி மட்கிய நார்) ஒன்றோடொன்று உரசாமல் புதைத்தேன். வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் நிற்கும் மூலையாகப் பாருங்கள்.

வின்னிபெக்கிலிருந்து:

அக்கா, எனக்குக் கிழங்கு பிழைத்தது, பூதான் கிடைக்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் நேரே தரையில் ஊன்றினேன். மண் சூடேறும்வரை அது அசையவே இல்லை. செப்டம்பரில் முதல் மொட்டு தலைகாட்டியது. பத்தே நாளில் உறைபனி கொண்டுபோய்விட்டது. இப்போது மார்ச் கடைசியிலேயே வீட்டுக்குள் தொட்டியில், முளைவிடும் கண் மேல்நோக்க, நான்கு அங்குல ஆழத்தில் வைத்துவிடுகிறேன். முளை தெரியும்வரை தண்ணீர் மிகக் கொஞ்சம்தான். ஜூனில் வெளியே தூக்கிவைக்கும்போது செடி ஒரு முழ உயரம் நிற்கிறது.

ஒஸ்லோவிலிருந்து:

வெள்ளை வகையை யாரும் சொல்லவில்லையே! அதன் சுபாவமே வேறு. சதுப்பில் வளர்வது, ஈரம் கேட்கும், குளிர்காலத்தில் முழுக்க உறங்க வேண்டியதும் இல்லை. நான் தோண்டுவதேயில்லை. செப்டம்பரில் தொட்டியோடு உள்ளே எடுத்து, சூடு குறைந்த மாடிப்படி ஜன்னலோரம் வைக்கிறேன். ஏப்ரலில் பாளை பச்சைச் சுருளாக எழுந்து, நாளுக்கு நாள் வெளுத்து விரிகிறது. இதழ் என்று நாம் சொல்லும் இந்தப் பாளை உருமாறிய இலைதான். நடுவிலுள்ள மஞ்சள் தண்டில்தான் உண்மையான பூக்கள் பொடிப்பொடியாக நெருங்கியிருக்கின்றன.

பெயரில் லில்லி இருந்தாலும் இது சேம்பின் உறவு. பழுத்த இலைகளை வெறுங்கையால் நறுக்கியபோது, சேப்பங்கிழங்கு அரிந்ததுபோல மணிக்கட்டுவரை அரித்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்; மென்றால் வாய் எரிந்து வீங்கும்.

டொரண்டோவிலிருந்து:

தம்பி, மார்ச்சில் தொட்டியில் வைக்கும் வழக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன். ஆனால் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்கு முன் வெளியே வைப்பதில்லை. நேற்றுப் பெட்டியைத் திறந்தேன். பதினொரு கிழங்குகளும் கல்போல இருக்கின்றன, இரண்டில் பட்டாணி அளவு இளஞ்சிவப்புக் கண். ஒன்றில் மட்டும் நகத்தளவு மெத்தென்ற புள்ளி. அதைச் செதுக்கி எறிந்து, வெட்டுவாய் காயட்டும் என்று தனியே வைத்திருக்கிறேன்.