பேலன்ஸ் செய்தும் 1140 ஆர்பிஎம்மில் மட்டும் ஃபேன் அதிர்கிறது: அன்பேலன்ஸா, ரெசொனன்ஸா?

புளோயர்_பிரிவு (கேள்வி):
22 கிலோவாட், 4 போல் (காந்த முனை) மோட்டார், நேர் கப்ளிங்கில் சென்ட்ரிஃப்யூகல் ஃபேன். இரண்டும் ஒரே இரும்புச் சேனல் ஃபிரேமில் நிற்கின்றன. டிரைவில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) 800 முதல் 1440 ஆர்பிஎம் வரை ஓட்டுகிறோம். ஃபேன் பக்க பேரிங்கில் கிடைமட்ட அதிர்வு வேகம், ஆர்எம்எஸ் (வர்க்க சராசரியின் மூலம்): 800-இல் 0.6 மி.மீ./வி, 1140-இல் 11, 1440-இல் 3.2. செங்குத்தில் எந்த வேகத்திலும் 2-ஐத் தாண்டவில்லை. 1140-லேயே வைத்து இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் குறையவில்லை. அடியில் ரப்பர் பேட் போடச் சொல்கிறார்கள். அன்பேலன்ஸ், ரெசொனன்ஸ் இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசத்தையும் சேர்த்து விளக்குங்கள்.

சுழலி:
ஒரு பொருள் தன் சமநிலை இடத்தின் இருபுறமும் மாறி மாறி ஆடுவதுதான் அதிர்வு. அதில் மூன்று விஷயங்கள் உண்டு: ஆடும் நிறை, அதைத் திருப்பி இழுக்கும் விறைப்பு, ஆட்டத்தின் ஆற்றலைத் தின்னும் தணிப்பு.

ஃபிரேமை ஒரு தட்டு தட்டிவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஆடும் வேகம் இயல்பு அதிர்வெண். விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் கிடைப்பது அது. எவ்வளவு பலமாகத் தட்டினாலும் மாறாது. அன்பேலன்ஸ் வேறு. சுழலும் பகுதியில் எடை ஒரு பக்கம் மிகுவதால், வெளியிலிருந்து, சுற்றுக்கு ஒரு முறை தள்ளும் விசை அது. இந்த இரண்டின் வேகமும் ஒன்றாகும் இடம் ரெசொனன்ஸ். அங்கே வீச்சைக் கட்டுப்படுத்த மிஞ்சுவது தணிப்பு மட்டுமே, வெல்டிங் செய்த இரும்பு ஃபிரேமில் அது மிகக் குறைவு.

விடை உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது. 300 மி.மீ. ஆரத்தில் 10 கிராம் மிகுதி இருந்தால் 1140-இல் 43 நியூட்டன் தள்ளும், 1440-இல் 68. விசை 1.6 மடங்கு கூடியும் அதிர்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. வெறும் அன்பேலன்ஸ் அப்படி நடந்துகொள்ளாது. 1140 என்பது 19 ஹெர்ட்ஸ்; ஃபிரேமின் கிடைமட்ட இயல்பு அதிர்வெண் அங்கேதான் இருக்க வேண்டும்.

பேரிங்_மேசை:
தட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஃபேனை நிறுத்தி, டக்ட் இணைப்பைக் கழற்றாமல், சென்சாரைப் பேரிங் ஹவுசிங்கில் கிடைமட்டமாக வைத்து, மரச் சுத்தியலால் ஹவுசிங்கில் அதே திசையில் தட்டுங்கள். பக்கத்து மெஷின் ஓடினால் அதன் வேகமும் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடம்) வந்து குழப்பும். பிறகு செங்குத்திலும் ஒரு முறை.

அதற்கும் முன்னால் கால் போல்ட்டுகள். டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள், 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுவிட்டு மறுபடி இறுக்குங்கள். சரியாக உட்காராத கால் விறைப்பைக் குறைத்து இயல்பு அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும்.

பேலன்ஸ் ஏன் பிடிபடவில்லை என்பதற்கும் காரணம் ரெசொனன்ஸ்தான். ரெசொனன்ஸைக் கடக்கையில் ஃபேஸ், அதாவது தள்ளும் விசைக்கும் ஆட்டத்துக்கும் இடையிலான கோணம், ஏறக்குறைய 180 டிகிரி திரும்பும். உச்சத்துக்குப் பக்கத்தில் வேகம் 10 ஆர்பிஎம் நழுவினாலே கோணம் 10 டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும். பேலன்ஸ் செய்யத் தற்காலிகமாக வைக்கும் சோதனை எடை காட்டிய கோணத்தை அங்கே நம்பவே முடியாது.

புளோயர்_பிரிவு:
தட்டிப் பார்த்தாயிற்று. கிடைமட்டம் 19.2 ஹெர்ட்ஸ், செங்குத்து 37. போல்ட் எதுவும் 0.02-க்கு மேல் எழும்பவில்லை.

சுழலி:
அப்படியானால் ரப்பர் பேட் வேண்டவே வேண்டாம். விறைப்பு இன்னும் குறையும், உச்சம் 1140-இலிருந்து 1000, 900 என்று கீழே நகரும், அதுவும் நீங்கள் ஓட்டும் எல்லைக்குள்தான். தனிமைப்படுத்தல் (அதிர்வு தரைக்குப் போகாமல் தடுப்பது) என்பது ஓடும் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகே தொடங்கும், மூன்று மடங்கில்தான் நன்றாக வேலை செய்யும். 800 ஆர்பிஎம்முக்கு அந்த மூன்று மடங்கு வர 4.4 ஹெர்ட்ஸ் வேண்டும்; மெஷினின் எடையில் தாங்கி 13 மி.மீ. அமுங்க வேண்டும். அது ஸ்பிரிங் செய்கிற வேலை. ஸ்பிரிங் போட்டாலும் காப்பாற்றப்படுவது தரை, பேரிங் அல்ல.

உடனடியாக டிரைவில் ஸ்கிப் ஃபிரீக்வென்சி (டிரைவ் நிற்காமல் தாண்டிப்போகும் அதிர்வெண் பட்டை) வையுங்கள். பலர் தவறுவது இங்கே: 19 என்று போடக்கூடாது. டிரைவ் பேசுவது மின் அதிர்வெண். 4 போலுக்கு 1140 என்றால் 38, ஸ்லிப்பும் (காந்தப்புலத்தைவிட மோட்டார் பின்தங்கும் வேகம்) சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. 36 முதல் 42 வரை தாண்டச் செய்யுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஃபிரேமைக் குறுக்கே விறைப்பாக்குவது. 1440 ஆர்பிஎம் என்பது 24 ஹெர்ட்ஸ்; அதற்கு மேல் 20 சதவீதம் இடைவெளி, அதாவது 29 ஹெர்ட்ஸ் வேண்டும். அதற்கு விறைப்பு 2.3 மடங்காக வேண்டும். மேல் தகட்டைத் தடியாக்கினால் நிறைதான் கூடும். கால்களுக்கு இடையே, இரு முனையிலும், மூலைவிட்டமாக ஆங்கிள் வெல்டு செய்யுங்கள். ஒவ்வொரு ஆங்கிளுக்குப் பிறகும் தட்டிப் பாருங்கள். 23, 24-இல் நின்றுவிட்டால் உச்சத்தைக் கொண்டுபோய் 1440-இலேயே வைத்துவிட்டீர்கள், முன்பைவிட மோசம். அந்த நிலையில் ஃபேனை ஓட்டாதீர்கள்.

பேரிங்_மேசை:
29 தாண்டியதும் 1440-இல் வைத்துப் பேலன்ஸ் செய்யுங்கள், இப்போது கோணம் நிலையாக நிற்கும். மெஷின் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 20816-3 தரநிலையில் 15 முதல் 300 கிலோவாட் வரை, விறைப்பான தாங்கிக்கு, 2.8 மி.மீ./வி வரை நீண்ட காலம் ஓட்டலாம், 4.5-க்கு மேல் சேத எல்லை. ஃபிரேமைச் சரிசெய்யும் வரை 1140-இல் ஒரு ஷிஃப்ட்கூட ஓட்டாதீர்கள்.