ஸ்டெபிலிட்டி பால்ல டம்பெல் ப்ரெஸ் பண்றப்ப பந்து அமுங்குது, காலும் நழுவுது, என்ன பண்ணலாம்?

தாம்பரம்வாசி
வணக்கம் மக்களே. சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட், பெஞ்ச் போட இடமே இல்ல, அதனால 65 செமீ ஸ்டெபிலிட்டி பால், அதான் காத்தடிக்கற பெரிய உடற்பயிற்சி பந்து, வாங்கி அது மேல முதுகு வச்சு டம்பெல் செஸ்ட் ப்ரெஸ் (நெஞ்சுக்கு மேல டம்பெல்ல தள்ளி தூக்கறது) பண்றேன். கைக்கு 12.5 கிலோ. படுத்த உடனே பந்து அமுங்கி இடுப்பு தரைகிட்ட போயிடுது, ரெண்டாவது செட்லயே கீழ்முதுகு பிடிச்சுக்குது, கழுத்தும் வலி. தரை வழவழ டைல்ஸ், சாக்ஸ் போட்டு பண்ணா கால் நழுவுது. டப்பாவுல ஆன்ட்டி பர்ஸ்ட், 300 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. என் எடை 78, உயரம் 5 அடி 8. இன்னும் வெயிட் ஏத்தலாமா?

டம்பெல் தம்பி
ப்ரோ முதல்ல பந்த அளந்து பாருங்க. சுவரோட ஒட்டி வச்சு, மேல ஒரு பரீட்சை அட்டைய மட்டமா வச்சு, அட்டை சுவத்த தொடுற இடத்துல பென்சில்ல கோடு போட்டு, தரையிலருந்து டேப்ல அளங்க. கூட வர்ற குட்டி கைப்பம்புல அடிச்சா கை ஓஞ்சு பாதியில நிறுத்திடுவோம், முக்கால்வாசி பேர் வீட்ல இதான் நடக்குது.

தாம்பரம்வாசி
அளந்தேன் ப்ரோ, 58 தான் வருது!

டம்பெல் தம்பி
அதான் அமுங்குது. ஆனா ஒரேயடியா ஃபுல்லா அடிக்காதீங்க. புது பிவிசி விறைப்பா இருக்கும், முக்கால்வாசிக்கு மேல அடிச்சு ஒரு நாள் விட்டுட்டா கொஞ்சம் இளகும், அப்புறம் மிச்சத்த அடிங்க. 65அ தாண்டக் கூடாது. உக்காந்து பார்த்தா தொடை தரைக்கு சமமாவோ இடுப்பு முட்டிய விட லேசா உயரமாவோ இருக்கணும். சாக்ஸ கழட்டிருங்க, வெறும் கால் இல்லன்னா ரப்பர் அடி ஷூ. மெல்லிசு யோகா மேட் டைல்ஸ்ல மேட்டோட சேர்ந்து நகரும், கனமான ரப்பர் மேட்டா போடுங்க.

பிசியோ கோவை
வலி ஏன்னு நான் சொல்றேன் தம்பி. பந்து உங்க நடு முதுகுல இருந்தா தலை பின்னாடி தொங்கும், கழுத்துதான் அத தூக்கி பிடிக்கும். டம்பெல்ல ரெண்டு தொடை மேலயும் வச்சுக்கிட்டு பந்துல உக்காருங்க, அப்படியே காலால மெதுவா முன்னாடி நடந்து போங்க, பந்து உருண்டு தோள்பட்டை எலும்புக்கு அடியில வரும், தலையும் பின்கழுத்தும் பந்து மேலயே சாஞ்சிருக்கணும். கால தோள விட அகலமா வச்சு, பிட்டத்த இறுக்கி, முட்டியிலருந்து தோள் வரைக்கும் உடம்பு மேசை மாதிரி நேரா நிக்கணும். இடுப்பு இறங்குதுன்னா அந்த செட் அதோட முடிஞ்சது, இன்னும் ரெண்டு ரெப் எடுக்கலாம்னு பிடிவாதம் வேணாம். வலி கால் பக்கம் இறங்குனாலோ மரத்துப் போனாலோ நிறுத்திட்டு நேர்ல காட்டுங்க.

வெயிட் ஏத்தற விஷயம். ஆன்ட்டி பர்ஸ்ட்னா வெடிக்கவே வெடிக்காதுன்னு அர்த்தம் இல்ல, குத்துப்பட்டா டப்புன்னு போகாம காத்து மெதுவா இறங்கற மாதிரி செஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். டப்பாவுல போடற கிலோ பெரும்பாலும் அசையாம வச்ச பாரத்துக்கு, நீங்க டம்பெல்ல இறக்கி ஏத்தறப்ப விழற அழுத்தம் வேற. 1963ல இத்தாலியில அக்விலினோ கொசானி இந்த பந்த செஞ்சாரு, சுவிட்சர்லாந்து பிசியோதெரபிஸ்ட்டுங்கதான் சிகிச்சைக்கு எடுத்துக்கிட்டாங்க, சுவிஸ் பால்ங்கற பேரும் அப்படி வந்ததுதான். பேலன்ஸ், அசைவு, இதுக்குத்தான் அது ஏத்தது, கனமான பாரம் தாங்கற பெஞ்சுக்கு பதிலா வராது.

கூடைப்பந்து பைத்தியம்
சார் சொல்றது நூத்துக்கு நூறு. 2009 அக்டோபர்ல அமெரிக்க கூடைப்பந்து லீக் என்பிஏவுல சாக்ரமென்டோ கிங்ஸ் டீம் ஆட்டக்காரர் பிரான்சிஸ்கோ கார்சியா பந்து மேல வெயிட் தூக்கிட்டு இருந்தப்ப பந்து வெடிச்சு முன்கை எலும்பு உடைஞ்சது, பல மாசம் ஆடவே முடியல. ட்ரெய்னர், டாக்டர்னு எல்லாரும் சுத்தி இருக்கற டீம்லயே இப்படி. நீங்க ரூம்ல தனியா பண்றீங்க, தயவுசெஞ்சு ஏத்தாதீங்க.

தாம்பரம்வாசி
படிக்கவே பக்குன்னு இருக்கு. அப்ப நெஞ்சுக்கு வெயிட் ஏத்தணும்னா வீட்ல வழியே இல்லையா?

மீனா அக்கா
ஏன் இல்ல தம்பி, தரையிலயே படுங்க! ஃப்ளோர் ப்ரெஸ்னு பேரு, முட்டிய மடக்கி மல்லாந்து படுத்து தூக்கணும், முழங்கை தரைய தொட்டதும் நின்னுடும், தோளுக்கும் பாதுகாப்பு, வெயிட்ட தைரியமா ஏத்தலாம். எங்க வீட்டு ஹால்ல சோஃபாவ தள்ளிட்டு நான் இததான் பண்றேன். ஆடற பந்து மேல படுத்தா உடம்பு பாதி பலத்த விழாம இருக்கறதுக்கே செலவழிச்சிடும், நெஞ்சு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளாது. பந்துல கைக்கு 5 கிலோ போல வச்சு நிதானமா பண்ணுங்க, வயிறு நடுங்கும் பாருங்க. அப்புறம் குதிகால பந்து மேல வச்சு இடுப்ப தூக்கி பந்த உள்ள இழுக்கற ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடை) கர்ல் ட்ரை பண்ணுங்க, வெயிட்டே வேணாம், அடுத்த நாள் படி இறங்கறப்ப தெரியும்.

தாம்பரம்வாசி
சூப்பர் அக்கா, ஃப்ளோர் ப்ரெஸ் இன்னைக்கே ஆரம்பிக்கறேன். கடைசியா ஒண்ணு, பந்தோட அடிப்பக்கம் டம்பெல் விளிம்பு பட்டு நகத்தால கீறுன மாதிரி ஒரு கோடு இருக்கு, காத்து இறங்கல. பஞ்சர் ஒட்டற பேட்ச் போட்டா போதுமா?

பிசியோ கோவை
போதாது. ஒட்டுன இடம் அழுத்தத்துல தாங்காது. காத்து மேல மேல அடிக்கவும் வேணாம், இனிமே அதுல ஏறவும் வேணாம், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க. புதுச வெயில் படற பால்கனியில வைக்காதீங்க, செட் முடிஞ்சதும் டம்பெல்ல பந்து பக்கத்துல போடாம கை நீட்டி தள்ளி வைங்க.