மகனுக்காக நான் வேண்டிக்கொண்டது, அவன் மறுக்கிறான். என்ன செய்வது?

ஈசூன்_அம்மா:
2010இல் என் மகனுக்கு ஐந்து வயது, டெங்கிக் காய்ச்சல். ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. நான்காம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, "முருகா, இவனை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, 21 வயதில் உனக்கு அலகுக் காவடி எடுக்க வைக்கிறேன்" என்று அழுதேன். பிழைத்து வந்தான். அன்றைக்கே மஞ்சள் துணியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) காசை முடிந்து சாமி மேடையில் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. முழுக்க மஞ்சளாக இருக்குமே அந்தப் பழைய வெள்ளி, 2013இல் இரண்டு நிறக் காசு வருவதற்கு முந்தியது. துணிதான் வெளுத்துவிட்டது.

இப்போது அவனுக்கு 21, கட்டாயத் தேசிய சேவையும் முடித்துவிட்டான். தைப்பூசம் என்று பேச்செடுத்தால், "வேண்டிக்கிட்டது நீங்கதானேம்மா, நான் இல்லையே" என்கிறான். கோபமில்லாமல் மெதுவாகத்தான் சொல்கிறான், அதுதான் இன்னும் வலிக்கிறது. கட்டாயப்படுத்த மனமில்லை, விட்டுவிடவும் பயம்.

பெருமாள்கோயில்_தம்பி:
அக்கா, நான் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டு மூன்று வருஷம் அலகுக் காவடி எடுத்தவன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் அந்த நடை அன்றைக்கு ஆரம்பிப்பதில்லை, விரதத்தின் முதல் நாளே ஆரம்பிக்கிறது. கவிச்சி விட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்து, வாயையும் மனசையும் கட்டி, இத்தனையும் செய்தால்தான் உடம்பு அலகைத் தாங்கும். அம்மா சொன்னதற்காக மனசில்லாமல் ஒரு பையன் இதைச் செய்யக் கூடாது, செய்யவும் முடியாது. நீங்கள் பால்குடம் எடுங்கள்.

மீனாட்சி_பாட்டி:
தம்பி சொல்வது சரி, ஆனால் அவ்வளவு லேசாகக் கை கழுவக் கூடாது கண்ணு. ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்று இருந்துவிடக் கூடாது. நேர்த்திக்கடன் என்று பேரிலேயே கடன் இருக்கிறது. தாமதமானால் தப்பில்லை. கொரோனாவில் 2021, 2022 இரண்டு தைப்பூசமும் பாத ஊர்வலம் இல்லை, காத்திருந்து 2023இல் செலுத்தியவர்களில் நானும் ஒருத்தி. முதலில் சன்னதியில் நின்று, என்னால் முடியாததைச் சொல்லிவிட்டேன் முருகா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள். அப்புறம் உன் தலையில் பால்குடத்தை ஏற்று. அந்தக் காசை அன்றைக்கு உண்டியலில் போடு, அதுவரை முடிச்சை அவிழ்க்காதே.

ஓஃபிர்_ரோடு_மேரி:
நான் கத்தோலிக்கப் பெண். விவிலியத்தில் அன்னாவும் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு, சாமுவேல் பால் மறந்ததும் கோயிலில் கொண்டுபோய் விட்டாள். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையை யாரும் கேட்கவில்லையே என்று தோன்றும். இப்போது எங்கள் திருச்சபைச் சட்டத்தின் 1193ஆம் பிரிவில், நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் மகன் சொன்னதும் அதைத்தானே சகோதரி?

நாகூர்_பேரன்:
அக்கா, எங்கள் இஸ்லாத்திலும் நேர்ச்சையை நிறைவேற்றியே ஆக வேண்டும். ஆனால் தனக்குச் சொந்தமில்லாததை நேர்ந்துகொள்ள முடியாது என்று ஹதீஸ் இருக்கிறது. சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடோ உடையோ கொடுக்க வேண்டும், வசதியில்லாதவர் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, மன்னிப்புக் கேட்பதோடு நிற்காமல் பசித்தவனுக்கும் ஏதோ போய்ச் சேருகிறது. பால்குடத்தோடு அன்னதானத்துக்கும் கொடுங்களேன்.

ஈசூன்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் அவனிடம் வாசித்துக் காட்டினேன். மூக்கில் ரத்தம் வந்ததையும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததையும் இத்தனை வருஷத்தில் அவனிடம் சொன்னதே இல்லை என்பது வாசிக்கும்போதுதான் உறைத்தது. காவடி எடு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அந்த முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான்.

பால்குடம் நான் எடுக்கிறேன், அன்னதானத்துக்கும் கொடுக்கிறேன். தம்பி, எனக்கு முழங்கால் வலி உண்டு, வெயிலில் நடக்க முடியாது. பால்குடங்கள் முந்தின நாள் நள்ளிரவை ஒட்டியே கிளம்பிவிடும் என்கிறார்களே, அந்த நேரத்தில் வந்தால் வரிசையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்குமா?