ஒரு மெசேஜுக்கு ஒன்றரை ரூபாய், இன்னுமா?

வாய்க்கால்மேடு:
போன வாரம் அம்மாவோட புது போன்ல யூபிஐ போட்டுக் கொடுக்க உட்கார்ந்தேன். அம்மா நம்பர்ல இருந்து ஆப் தானாவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, சிம் இந்த போன்லதான் இருக்கான்னு பார்த்துக்கும். மூணு தடவை முயற்சி பண்ணேன், மூணும் தோல்வி. அப்புறம்தான் உறைச்சது: அம்மா போட்டிருக்கிற மலிவு பேக்ல மெசேஜே கிடையாது, மெயின் பேலன்ஸும் பூஜ்யம். 10 ரூபாய்க்கு டாப்-அப் போட்டேன். கைக்கு வந்தது 7.47. அதுல ஒரு மெசேஜுக்கு 1.50 வெட்டிட்டாங்க. டேட்டாவை வாரி இறைக்கிற காலத்துல ஒரு வரி எழுத்துக்கு ஒன்றரை ரூபாயா? இதைக் கொள்ளைன்னு சொல்லாம வேற என்ன சொல்றது?

டவர்க்குருவி:
நான் நெட்வொர்க் பக்கம் வேலை பார்த்தவன், அதனால கொஞ்சம் பொறுங்க. மெசேஜுக்குன்னு தனியா ரோடு போடலைங்கிறது உண்மைதான். கால் வருதுன்னு போனுக்குத் தகவல் சொல்ற சிக்னலிங் பாதையில, காலியா கிடந்த இடத்துல ஏத்தி விட்டாங்க. ஒரு தடவைக்கு 140 பைட், இங்கிலீஷ்ல 160 எழுத்து. ஆனா போன் ஆஃப்ல இருந்தா செய்தியைப் பிடிச்சு வச்சிருந்து, ஆன் ஆனதும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சென்டர் ஓடணும். டவர், கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் இருக்கு. பஸ் எப்படியும் மதுரைக்குப் போகுது, நான் கொடுத்துவிடுற பார்சலுக்கு எதுக்குக் காசுன்னு கண்டக்டர்கிட்ட கேட்பீங்களா?

வாய்க்கால்மேடு:
கேட்க மாட்டேன் அண்ணே. ஆனா ஆளுக்கு 10 ரூபாய் டிக்கெட், அவர் கையில இருக்கிற கடுதாசிக்கு 100 ரூபாய்னா கேட்பேன். 2009ல டாடா டோகோமோ வினாடிக்கு 1 பைசான்னு வந்தாங்க, மத்தவங்களும் பின்னாடியே இறங்கினாங்க. "பஸ் ஏறிட்டேன், ஆறு மணிக்கு வந்துடுவேன்"னு சொல்ல 10 வினாடி, அதாவது 10 பைசா. அதையே எழுதி அனுப்பினா 1 ரூபாய், வெளி மாநிலம்னா 1.50. குரலைச் சுமக்கிறதுக்கு மலிவு, எழுத்தைச் சுமக்கிறதுக்குப் பத்து மடங்கு. இதுக்கு எந்த இன்ஜினியர் கணக்கு போட்டார்?

கடைமுத்து:
அந்த 1 ரூபாயை எவன்யா கொடுத்தான்? நான் காலேஜ் வாசல்ல ரீசார்ஜ் கடை வச்சிருந்தவன். மெசேஜ் ரேட்டைக் குறைக்கிற பூஸ்டர் பேக் போடாத பையன் கிடையாது. டாக் டைம் போடக் காசு இருக்காது, ஆனா பூஸ்டர் முடியிற நாளுக்கு முந்தின நாளே வந்து நிப்பானுங்க. காலையில குட் மார்னிங், பகல்ல கடி ஜோக், ராத்திரி 11 மணிக்கு மேல காதல் கவிதை. எழுதினவன் எவன்னு யாருக்கும் தெரியாது, கடைசி வரி மட்டும் "10 பேருக்கு ஃபார்வர்டு பண்ணு".

சண்டை வர்றது தீபாவளிக்கும் நியூ இயருக்கும்தான். அந்த நாள்ல மட்டும் பூஸ்டர் செல்லாது, முழு ரேட். "பிளாக் அவுட் டே"ன்னு பேரு. வருஷத்துக்கு 5 நாளுக்கு மேல கூடாதுன்னு, போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஆணையமான டிராயே சொல்ற அளவுக்குப் போச்சு. புத்திசாலிப் பசங்க முந்தின நாள் ராத்திரி 11.50க்கே வாழ்த்தை அனுப்பி முடிச்சிடுவானுங்க. மத்தவன் பேலன்ஸைப் பறிகொடுத்துட்டு காலையில என் கடை ஷட்டரைத் தட்டுவான், ஏதோ நான் தின்ன மாதிரி.

வாய்க்கால்மேடு:
இதைத்தான் சொல்றேன். மெசேஜ் அனுப்ப ஆகிற செலவு தீபாவளி அன்னிக்கு மட்டும் எப்படி ஏறும்? அன்னிக்கு எல்லாரும் அனுப்பியே ஆகணும், அதனால விலை.

டவர்க்குருவி:
அன்னிக்கு நெரிசல் அப்படி. ராத்திரி 12 மணிக்கு விட்ட வாழ்த்து விடிஞ்சு வந்து சேர்ந்தது ஞாபகம் இருக்கா? சரி, அந்த அஞ்சு நாளுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா விலையே இல்லாம விட்டா என்ன ஆகும்னும் பார்த்தோமே. விளம்பரக்காரங்க சாதா சிம்மை மொத்தமா வாங்கி, இதே பூஸ்டரைப் போட்டு, இடம் விற்பனை, லோன்னு அடிச்சுத் தள்ளினாங்க. 2011 செப்டம்பர்ல டிராய் ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 மெசேஜ்தான்னு வரம்பு வச்சது அதுக்காகத்தான். கூச்சல் வந்ததும் நவம்பர்ல 200 ஆக்கினாங்க. 2012 ஜூலைல டெல்லி உயர் நீதிமன்றம், தனி ஆள் அனுப்புற மெசேஜுக்கு வரம்பு வைக்கிறது பேச்சுரிமையைத் தொடுதுன்னு ரத்து பண்ணிடுச்சு. அப்புறம் என்ன பண்ண முடியும்? எண்ணிக்கையைத் தடுக்கக் கூடாதுன்னா விலையைத்தான் வைக்கணும். அதே வருஷக் கடைசியில, 100ஐத் தாண்டினா ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 50 பைசான்னு வச்சாங்க. அது கம்பெனி வச்ச விலை இல்லை, வெள்ளாடு மேயாம இருக்கப் போட்ட வேலி.

மல்லிகைப்பந்தல்:
வேலியைத் தாண்டி வெள்ளாடு வரவில்லையா என்ன? விளம்பரம் வேண்டாம் என்பவர்களுக்கான டிஎன்டி பட்டியலில் பதிந்துவிட்டும் தினமும் எனக்குக் கடன் கொடுக்கத் துடிக்கிறார்கள்.

வாய்க்கால்மேடு:
அந்த வேலியையும் 2020ல டிராயே பிடுங்கிப் போட்டாச்சு அண்ணே. ஆனா பேக்கைப் பாருங்க, இன்னும் "நாளுக்கு 100", தாண்டினா 1 ரூபாய், 1.50. வேலி போயும் விலை நிக்குது. இன்னொண்ணு, ஒரு நெட்வொர்க்கோட மெசேஜை இன்னொண்ணு வாங்கிச் சேர்க்க 2 பைசான்னு 2013ல டிராய் நிர்ணயிச்சது. 2 பைசா எங்க, 150 பைசா எங்க?

டவர்க்குருவி:
அந்த 2 பைசா வாங்கிச் சேர்க்கிற கூலி மட்டும். மொத்த அடக்கவிலையா அதைக் காட்டாதீங்க. அடக்கவிலை 1.50 இல்லைங்கிறதை நான் மறுக்கலை.

அகராதிக்கிறுக்கன்:
எல்லோரும் ஆங்கிலக் கணக்கே பேசுகிறீர்கள். தமிழில் அனுப்பியவர் இங்கே யாருமில்லையா? தமிழில் எழுதினால் 160 கிடையாது, 70தான். அந்த 70உம் நம் எழுத்துக் கணக்கு அல்ல. நமக்கு "வாழ்த்துக்கள்" ஏழெழுத்து. இயந்திரம் புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 13 என்கிறது. நாலு வரி வாழ்த்து இரண்டு, மூன்று மெசேஜாக உடையும். காசும் அத்தனை மடங்கு. நம் பிள்ளைகள் "saptiya" என்று ரோமன் எழுத்தில் பழகியதற்கு மோகம் மட்டும் காரணமில்லை, இந்தக் கட்டணமும் ஒரு காரணம். (க் போடாமல் "வாழ்த்துகள்" என்று எழுதினால் 11தான். இலக்கணமும் காப்பாற்றப்படும், காசும் மிச்சம்.)

கடைமுத்து:
ஐயா, என் கடையில வித்த போன்ல பாதியில தமிழே கட்டம் கட்டமாத்தான் தெரியும். நீங்க க் பத்தி பேசுறீங்க.

மல்லிகைப்பந்தல்:
அனுப்புவதை மட்டும் பேசுகிறீர்கள். வருகிற மெசேஜுக்கும் காசு கட்டுகிறோம். என் வங்கி, பணம் போட்டால் எடுத்தால் சொல்வதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15 ரூபாயும் வரியும் பிடிக்கிறது. எத்தனை அனுப்பினீர்களோ அதற்கு ஏற்ப வாங்குங்கள் என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லியாயிற்று. நான் மாதத்துக்கு இரண்டு முறை பணம் எடுப்பவள். கிளையில் போய்க் கேட்டால் "சிஸ்டம் பிடிக்குதும்மா" என்கிறார்கள். அந்த சிஸ்டத்தை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.

டவர்க்குருவி:
அது வங்கியோட சண்டை, இதுல கலக்காதீங்க அம்மா. வாய்க்கால்மேடு தம்பிக்கு வழி இருக்கே. டேட்டா வேண்டாதவங்களுக்குக் கால், மெசேஜ் மட்டும் உள்ள பேக் கொடுங்கன்னு டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டு, 2025 ஜனவரில வந்துடுச்சு. வந்தப்போ ஏர்டெல்ல 469 ரூபாய், 84 நாள், 900 மெசேஜ். ஜியோல 448, அதே 84 நாள், 1000 மெசேஜ்.

வாய்க்கால்மேடு:
எங்க அம்மா 900 மெசேஜை வச்சு என்ன பண்ணுவாங்க? தேவை ஒண்ணே ஒண்ணு. வாட்ஸ்அப் வந்து ஊரே அங்க போனப்புறம் மெசேஜை மூட்டையா அள்ளிக் கொடுக்குறீங்க. ஒண்ணு வேணும்னு வர்றவங்ககிட்ட மட்டும் 1.50.

நம்பரை வேற கம்பெனிக்கு மாத்த 1900க்கு அனுப்புற மெசேஜ் கதை ஞாபகம் இருக்கா? மலிவு பேக்ல மெசேஜ் இல்லாம வச்சதால, விட்டுப் போக நினைச்சவங்களும் மேல காசு போட்டுத்தான் போக வேண்டியிருந்தது. 2021 டிசம்பர்ல, எந்த பேக்கா இருந்தாலும் அந்த மெசேஜ் போகணும்னு டிராய் சொல்லிடுச்சு. போர்ட் பண்ண முடியும்னா, சிம் சரிபார்க்கிற ஒரு மெசேஜுக்கும் அதையே செய்யலாமே.

டவர்க்குருவி:
அதுல எனக்கு மறுப்பு இல்லை. ஆனா அதுக்கு யூபிஐ ஆப்காரங்களும் வங்கியும் காசு கட்டணும், நெட்வொர்க் தலையில கட்டக் கூடாது. மெசேஜ் வேணும்னு கேட்கிறது அவங்கதானே.

கடைமுத்து:
யார் கட்டினாலும் கடைசியில நம்ம பில்லுலதான் வரும். அது இருக்கட்டும் தம்பி, அம்மா போன்ல மிச்சம் எவ்வளவு?

வாய்க்கால்மேடு:
5.97. இன்னும் மூணு மெசேஜ் போகும்.

கடைமுத்து:
அப்போ அதை யாரும் தொடாம பார்த்துக்குங்க. பேரப்பிள்ளை கையில போன் போச்சுன்னா முதல்ல டிவி ஓட்டுப் போட்டிக்குத்தான் அனுப்பும்.