ரயில் காரிடார்: அப்பாவோடு நடக்க எந்தப் பகுதி, பையனோடு சைக்கிள் விட எந்தப் பகுதி?

ஈசூன்வாசி:
வணக்கம். அடுத்த மாதம் அப்பா திருச்சியிலிருந்து வருகிறார். தென்னக ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வு பெற்றவர், தண்டவாளத்தைச் சோதித்துப் பழுது பார்க்கும் வேலை, அதன் மேலேயே நடந்து வாழ்க்கையை ஓட்டியவர். சிங்கப்பூரில் பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள் என்று போனில் சொன்னதிலிருந்து எப்போது கூட்டிப்போவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூட்டுவலி இருப்பதால் அதிகம் நடக்க முடியாது. இன்னொரு நாள் நானும் ஒன்பது வயது மகனும் சைக்கிளில் போகலாம் என்று எண்ணம். மொத்தம் 24 கிலோமீட்டர் என்கிறார்கள், எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று புரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலத்தடி:
தம்பி, 24 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாதி இடத்தில் காண்டோ (தனியார் அடுக்குமாடி) சுவரும் சாலை இரைச்சலும்தான். அப்பாவுக்கு நடுப்பகுதி போதும். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் (மெட்ரோ ரயில் நிலையம்) இறங்கினால் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம் சில நிமிட நடைதான். அங்கே தண்டவாளத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், கழிவறையும் உண்டு, உட்காரவும் இடம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே இரும்புப் பாலம் வரும், 1932ல் பாதையை மாற்றி அமைத்தபோது கட்டியது. ரிவெட் அடித்த அந்தக் காலத்து வேலை. உங்கள் அப்பா ஒவ்வொரு ரிவெட்டையும் தடவிப் பார்க்காமல் நகர மாட்டார், நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பாலம் தாண்டினால் ஒரு பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி, நல்ல நிழல். மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் ரயில் மால் கடைவரிசை பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பாலத்துக்கு வந்துவிடலாம், ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஹில்வியூ எம்ஆர்டி பிடித்து வீடு போய்ச் சேரலாம். முட்டி வலித்தால் நடுவில் பியூட்டி வோர்ல்ட் பக்கம் வெளியேறிக்கொள்ளவும் வழி உண்டு.

காலை ஏழு, ஏழரைக்குள் தொடங்குங்கள். ஒன்பதுக்கு மேல் நிலையத்தைச் சுற்றிப் படம் எடுக்கிற கூட்டம்தான்.

பழைய டோக்கன்:
ஒரு கீமேன் வருகிறார் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணே, புக்கிட் தீமா நிலையத்தில் அப்பாவுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது அந்த இரட்டை வழி. இந்தப் பாதை ஒற்றை வழி, எதிரெதிராக வரும் வண்டிகள் ஒன்றை ஒன்று கடந்து போகத்தான் அங்கே இன்னொரு தண்டவாளம். டோக்கன் என்பது ஒரு பகுதிக்குள் போக அனுமதி தரும் அடையாளம், அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் வண்டியை விடக்கூடாது, அதனால் ஓடுகிற வண்டியிலிருந்தே வளையத்தில் மாட்டிய டோக்கனைக் கொடுத்து வாங்குவார்கள். கடைசி வரை அதே முறைதான். நம் ஊர்க் கிளைப் பாதைகளில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம், அவர்தான் உங்களுக்கு விளக்குவார்.

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தெற்குக் கோடி நிலையமான தஞ்சோங் பகாரிலிருந்து மலேசியாவுக்குக் கடைசி வண்டி போனது, அந்நாட்டு ஜொகூர் மாநில சுல்தானே ஓட்டினார். மறுநாளிலிருந்து ஜூலை 17 வரை தண்டவாளத்தோடேயே பாதையைத் திறந்து விட்டார்கள். அந்த இரண்டு வாரமும் சனம் குடும்பம் குடும்பமாக ஸ்லீப்பர் கட்டை மேல் நடந்தது. அப்புறம்தான் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். இந்த நிலத்தைக் கூறு போட்டுக் கட்டடம் எழுப்பாமல் பசுமைப் பாதையாகவே விட வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே திட்டம் கொடுத்தது. அதைக் கேட்டதுதான் இந்த ஊர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்பேன்.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி. அப்பா விஷயம் முடிவாகிவிட்டது. சைக்கிளுக்கு? சொந்தச் சைக்கிள் கிடையாது, வாடகைச் சைக்கிள்தான். பையன் மேடு வந்தால் இறங்கிவிடுவான்.

குவீன்ஸ்டவுன் அக்கா:
மேடு பற்றிக் கவலை வேண்டாம். இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது, வழுக்கும், அதனால் ரயில் போட்டவர்களே ஏற்றத்தைக் குறைத்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தை மேடாக்கித்தான் போட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான பாதை இல்லை. தரை தார் கிடையாது, மண்ணும் பொடிச் சரளையும்தான், மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளுக்கு ஒத்துவராது. பாலத்தின் மேல் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

புக்கிட் தீமா நிலையத்திலிருந்து தெற்கே புவன விஸ்தா வரை விடுங்கள். கிளமெண்டி காட்டை ஒட்டி வரும் பகுதி இருக்கிறதே, இரண்டு பக்கமும் மரம் மேலே கூடி, வெயிலே தெரியாது. இருவாச்சியைக்கூட அங்கே பார்க்கலாம், தலைக்கு மேலே இறக்கைச் சத்தம் கேட்டால் நிறுத்திப் பாருங்கள். வாடகைச் சைக்கிளைப் பாதை ஓரத்தில் விட்டுவிட்டு வர முடியாது, நிறுத்துமிடத்தில் இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் கணக்கு முடியும். அதனால் எம்ஆர்டி பக்கம் எடுத்து எம்ஆர்டி பக்கமே விடுங்கள்.

தெம்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி டாங்ளின் ஹால்ட் வரை வாருங்கள். பக்கத்தில் காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோவில் இருக்கிறது. மலாயா ரயில்வேயில் வேலை செய்த நம் ஆட்கள் குவீன்ஸ்வே பக்கம் குடில் போட்டுக் கும்பிட்டதுதான் பிறகு இடம் மாறி இவ்வளவு பெரிய கோவிலாக நிற்கிறது. பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் செடி, பறவை, பாலம் எல்லாம் சொல்வார்கள், அதில் உழைத்தவர்களைச் சொல்ல மாட்டார்கள். பையனுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

மழைக்கால நடை:
எல்லாரும் நல்லதாகச் சொல்லிவிட்டார்கள், நான் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் நெடுந்தூரத்துக்கு ஒதுங்க இடமே இருக்காது, கிளம்பும் முன் வானிலைச் செயலியைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறு நிற்கும், அப்பாவுக்குச் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடச் சொல்லுங்கள். காட்டுப் பகுதியில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்கும், எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். உடும்பு குறுக்கே வந்தால் நின்று வழி விடுங்கள், அது பாட்டுக்குப் போய்விடும். பெரும்பாலான இடங்களில் விளக்கு கிடையாது, விலங்குகளுக்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள், மாலை ஏழு மணிக்கு மேல் பையனோடு உள்ளே இருக்காதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும்.

தஞ்சோங் பகார் நிலையத்தில் ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வட்டப்பாதை எம்ஆர்டி வேலைக்காக அதை நெடுநாள் மூடி வைத்திருந்தார்கள்.